பதிவேடு நோயாளியின் கையில் இருக்கட்டும்

இருமுனைக் கோளாறு உடையவர்களுக்கு மனநிலையைப் பதிவு செய்யும் திறன்பேசிச் செயலிகள் இன்று பல கிடைக்கின்றன. உறங்கிய நேரம், மனநிலை, மருந்து உட்கொண்ட விவரம் ஆகியவற்றை நோயாளி நாள்தோறும் அவற்றில் குறிக்கிறார். இதற்குத் தக்க காரணம் உண்டு. மனஎழுச்சி தொடங்குமுன் உறக்கம் குறைவதும், சோர்வு நெருங்கும்போது வெளியே செல்வது குறைவதும் பலரிடம் காணப்படும் முன்னறிகுறிகள். மாதம் ஒருமுறை மருத்துவர்முன் அமரும்போது இவை நினைவில் நிற்பதில்லை.

ஆயினும் பதிவு செய்வதே சிகிச்சை ஆகிவிடாது. டென்மார்க்கில் ‘மொனார்க்கா’ என்னும் செயலியைக் கொண்டு 78 நோயாளிகளிடம் 6 மாதம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. செயலியைப் பயன்படுத்தியோருக்கும் ஏனையோருக்கும் இடையே நோய்க்கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நாள்தோறும் தன்னை அளப்பது சிலருக்குச் சோர்வை நீட்டிக்கக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது.

அந்த அளவுகோல் குடும்பத்தாரின் கைக்குப் போனால் சுமை இன்னும் கூடும் என்பது என் கருத்து. “நேற்று ஏன் நான்கு மணி நேரமே தூங்கினாய்?” என்று காலைதோறும் கேட்கப்படும் மகள், விரைவில் பொய்யான எண்ணைக் குறிக்கத் தொடங்குவாள். அவள் வாய்விட்டுச் சிரித்தாலும் வீட்டார் நோயின் அறிகுறியைத் தேடுவர். பரிவுடன் தொடங்கியது காவலாக முடியும்.

ஆகவே, நோயாளி நலமாக இருக்கும் காலத்திலேயே மருத்துவருடன் அமர்ந்து மூன்றை முடிவு செய்யுங்கள். பதிவை யார் பார்க்கலாம் என்பதை நோயாளியே சொல்லட்டும். எந்த மாற்றம் எத்தனை நாள் நீடித்தால் மருத்துவமனையை அழைப்பது என்று எழுதி வையுங்கள். பதிவு செய்வதே மனத்தை வருத்தினால், மருத்துவரிடம் கூறி நிறுத்தும் உரிமையும் இருக்கட்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் தகவல்கள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. மருத்துவர் மதிக்கும் அவ்வுரிமையை வீடும் மதிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் செயலியில் குறித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள், மருத்துவமனைக்கு வாருங்கள். டெலி-மானஸ் உதவி எண் 14416, இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. அந்த வேளையில் தேவைப்படுவது ஒரு மனிதரின் குரல்.