பந்தியா, பொட்டலமா?

இன்டர்நெட்டில் ஒலியையும் படத்தையும் அனுப்ப வெப் சர்வரா, ஸ்ட்ரீமிங் சர்வரா? 30 வருடப் போட்டியில் எளியது ஜெயித்திருக்கிறது. ஆனால் முழுதாக அல்ல.

2023 நவம்பர் 19. அகமதாபாத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் உலகக் கோப்பைக்காக மோதிக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் 5.9 கோடிப் பேர் ஒரே நேரத்தில் இன்டர்நெட் வழியாக அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே 7.21 கோடிதான். இத்தனை பேருக்கும் படம் போய்ச் சேர்ந்தது, 'ஸ்ட்ரீமிங் சர்வர்' என்று தனிப்பெயர் சூட்டி ஒரு காலத்தில் விற்கப்பட்ட விசேஷ சாஃப்ட்வேரால் அல்ல. செய்தித்தாளின் பக்கத்தையும் ரயில் கால அட்டவணையையும் அனுப்பி வைக்கிற அதே ரகத்து வெப் சர்வர்களால்தான்.

பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை. அனுப்புகிறவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பாடங்களை வீடியோவாக்கும் கல்லூரி, கச்சேரியை வெளியூர் ரசிகர்களுக்கு எட்டச்செய்ய நினைக்கும் சபா, சமூக வானொலி நடத்தும் கிராமத்துச் சங்கம் என்று இன்று எல்லோரும் ஒலிபரப்பாளர்கள். தவறான சர்வரைத் தேர்ந்தெடுத்தால் மாதக் கடைசியில் பில் கழுத்தைப் பிடிக்கும். அதைவிட மோசம், யாருக்காக அனுப்பினார்களோ அவர்கள் திரையில் சுழலும் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சர்வர் என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் ஞாபகம் வருபவர் ஓட்டலில் பரிமாறுகிறவர். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அவரே போதும். ஸ்ட்ரீமிங் சர்வர் பந்தியில் பரிமாறுகிறவர். இலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். சாதம் தீரும் நேரத்தில் சாதம் வரும். கை காட்டினால் நிறுத்துவார். சாப்பிடும் வேகம் குறைந்தால் கரண்டியின் அளவைக் குறைப்பார். வெப் சர்வர் பார்சல் கட்டுகிறவர். கேட்டதைக் கட்டி, முடிந்த வேகத்தில் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். வாங்கியவர் எப்போது சாப்பிட்டார், பாதியில் எழுந்துவிட்டாரா என்பதெல்லாம் அவர் கவலை அல்ல.

கம்பிக்குள்ளும் இந்த குணபேதம் உண்டு. வெப் சர்வர் பேசும் மொழி எச்.டி.டி.பி. அது நெடுங்காலமாக நம்பியிருப்பது டி.சி.பி. என்ற விதிமுறையை. வழியில் ஒரு துணுக்கு தொலைந்தால் டி.சி.பி. விடாது. மறுபடி அனுப்பி, எல்லாம் வரிசையாகச் சேரும்வரை காத்திருக்கும். கடிதத்துக்கும் பாங்க் கணக்குக்கும் இந்த ஒழுங்கு அவசியம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் அரை நொடி முன் தொலைந்த துணுக்கைத் தேடிப்போனால் பாட்டே நின்றுவிடும். அதனால்தான் ஸ்ட்ரீமிங் சர்வர்கள் யு.டி.பி. என்ற விதிமுறையை விரும்பின. அதில் போனது போனதுதான். படத்தில் ஒரு புள்ளி விழும், ஆனால் காட்சி நகர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டு தரப்புக்கும் பிறந்த மாதம் ஒன்றே என்று சொல்லலாம். 1995 ஏப்ரலில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்த புரோக்ரெஸிவ் நெட்வொர்க்ஸ் (பிற்பாடு ரியல்நெட்வொர்க்ஸ்) என்ற நிறுவனம் ரியல்ஆடியோவை வெளியிட்டது. அதே மாதத்தில்தான் அப்பாச்சி என்ற இலவச வெப் சர்வரின் முதல் பொதுப் பதிப்பும் வந்தது. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது.

அந்த நாட்களில் பார்சல் முறை உதவவே உதவாது. சி.டி. தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு சுமார் 10 மெகாபைட். விநாடிக்கு 14.4 கிலோபிட் வேக மோடத்தில் அதை இறக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரியல்ஆடியோ ஒலியைக் கசக்கிப் பிழிந்து, வரவர ஒலிக்க வைத்தது. தரம் பழைய மீடியம் வேவ் ரேடியோ அளவுதான். ஆனால் காத்திருக்க வேண்டாம். 1995 செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரைனர்ஸ் - நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனை இன்டர்நெட்டில் நேரடியாக ஒலித்தபோது, எதிர்காலம் ஸ்ட்ரீமிங் சர்வருக்கே என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

1998-ல் அந்த நம்பிக்கைக்குச் சட்ட அங்கீகாரம் போல ஒரு பொது விதிமுறை வந்தது. பெயர் ஆர்.டி.எஸ்.பி. கொலம்பியா பல்கலைக்கழகம், நெட்ஸ்கேப், ரியல்நெட்வொர்க்ஸ் ஆகிய மூன்று இடங்களைச் சேர்ந்தவர்கள் எழுதியது. வி.சி.ஆரின் ரிமோட் போல 'ஓடு', 'நில்' என்று பார்ப்பவர் தூரத்து சர்வருக்குக் கட்டளையிடலாம். மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் தங்கள் ஸ்ட்ரீமிங் சர்வர்களோடு களத்தில் இருந்தன.

சறுக்கல் மூன்று இடங்களில் வந்தது. முதலாவது வாசல் காவலர். அலுவலகங்களும் கல்லூரிகளும் தங்கள் நெட்வொர்க்கைச் சுற்றி ஃபயர்வால் எழுப்பின. வெப் பக்கங்கள் வந்துபோகும் வாசல் மட்டும் திறந்திருக்கும். யு.டி.பி.யில் வந்த படம் வெளியிலேயே நின்றது. வேறு வழியில்லாமல் ஸ்ட்ரீமிங் சர்வர்களே வெப் சர்வர் வேஷம் போட்டு உள்ளே நுழைய வேண்டியதாயிற்று.

இரண்டாவது பணம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கலாம் என்று எண்ணி லைசென்ஸ் விற்றார்கள். அப்பாச்சிக்குக் காசே இல்லை.

மூன்றாவது கூட்டம். பந்தியில் ஒவ்வோர் இலையையும் கவனிக்க வேண்டும். 100 இலைக்கு இருக்கும் நிதானம் லட்சம் இலைக்கு இருக்காது. 1999 பிப்ரவரியில் விக்டோரியாஸ் சீக்ரெட் என்ற அமெரிக்க உள்ளாடை நிறுவனம் தன் ஃபேஷன் ஷோவை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டியது. லட்சக்கணக்கில் ஆட்கள் குவிந்தார்கள். பெரும் பகுதியினர் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாமல் திரும்பினார்கள்.

இடையில் வெப் சர்வர் சும்மா இருக்கவில்லை. ஃபைல் முழுவதும் வரும்வரை காத்திராமல், வந்த மட்டும் ஓட்டிக்காட்டும் முறை பழக்கத்துக்கு வந்தது. 2005-ல் தொடங்கிய யூடியூப் இப்படித்தான் உலகத்தைப் பிடித்தது. அதிலும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. 5 நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போகிறவருக்காக ஒரு மணி நேரப் படமும் இறங்கிக்கொண்டிருக்கும். யாரும் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பில் உண்டு. அடுத்து, நேரடி ஒளிபரப்புக்கு முடிவே கிடையாது. முடிவில்லாத ஒன்றை ஒரே பார்சலாகக் கட்டுவது எப்படி?

விடை எளிமையானது: சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுவது. 2008-ல் மைக்ரோசாஃப்டும் 2009-ல் ஐபோனுக்காக ஆப்பிளும் இந்த வழியில் இறங்கின. படத்தைச் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்குவார்கள். ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் செய்து, ஒரு பட்டியலுடன் சாதாரண வெப் சர்வரில் அடுக்கிவிடுவார்கள். எது வேண்டும் என்று தீர்மானிப்பது பார்ப்பவரின் போனில் இருக்கும் பிளேயர். லைன் நன்றாக இருந்தால் பெரிய பொட்டலம். ரயில் சுரங்கப்பாதை நெருங்கி சிக்னல் இளைத்தால் சிறிய பொட்டலம். சர்வரின் மூளை போனுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆப்பிளின் முறைக்கு எச்.எல்.எஸ். என்று பெயர். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான டேஷ் என்ற தரம் 2012-ல் வெளியானது.

பொட்டலத்துக்கு இன்னொரு சௌகரியம். ஒரு முறை கட்டியதைத் தெருமுனைக் கடையிலும் வைத்து விற்கலாம். அகமதாபாத் ஆட்டத்தின் ஒரு துண்டு சென்னையிலுள்ள சேமிப்பு சர்வருக்கு ஒரு முறை வந்துவிட்டால், அங்கிருந்தே ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போகும். தாய் சர்வரை ஒவ்வொருவரும் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை. 5.9 கோடியின் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. இங்கே விலை, தாமதம். ஆப்பிள் சிபாரிசு செய்யும் துண்டு 6 விநாடி. மூன்று துண்டையாவது கையில் வைத்துக்கொண்டுதான் பிளேயர் ஓட ஆரம்பிக்கும். அதிலேயே 18 விநாடி. நறுக்கவும் அனுப்பவும் ஆகும் நேரம் தனி. பக்கத்து வீட்டு டி.வி.யில் விக்கெட் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் போனில் பவுலர் ஓடி வருவார்.

கிரிக்கெட்டில் இது எரிச்சல். வேறு சில இடங்களில் இது காரியத்தையே கெடுக்கும். உச்ச நீதிமன்றம் இதற்கு நல்ல உதாரணம். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சிலிருந்து, வழக்கறிஞர்கள் வீடியோ மூலம் வாதாடத் தொடங்கினார்கள். 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணையை மக்களும் நேரடியாகப் பார்க்கிறார்கள். நீதிபதி கேட்ட கேள்வி சென்னையில் இருக்கும் வழக்கறிஞருக்கு 20 விநாடி கழித்து எட்டினால் வாதம் நடக்காது. அதே கேள்வி வேடிக்கை பார்க்கும் சட்டக் கல்லூரி மாணவருக்கு 20 விநாடி கழித்து எட்டினால் ஒரு நஷ்டமும் இல்லை. ஒரே கோர்ட், ஒரே வழக்கு. வழக்கறிஞருக்குப் பந்தி வேண்டும், மாணவருக்குப் பொட்டலம் போதும்.

அதனால்தான் பந்தி முறை சாகவில்லை. வீடியோ கால்களில் அது வெப்ஆர்.டி.சி. என்ற பெயரில் வாழ்கிறது. 2011-ல் கூகுள் வெளியிட்ட இந்த முறை 2021 ஜனவரியில் அதிகாரபூர்வத் தரமானது. அடியில் ஓடுவது அதே பழைய யு.டி.பி.தான். கடை வாசல்களில் தொங்கும் கண்காணிப்பு கேமராக்கள் பல இன்றும் ஆர்.டி.எஸ்.பி. பேசுகின்றன. கல்யாண மண்டபத்திலிருந்து யூடியூபுக்கு நேரடியாக அனுப்பும் வீடியோகிராபர்கூட, தன் கம்ப்யூட்டரிலிருந்து யூடியூபின் வாசல்வரை பெரும்பாலும் பழைய ஸ்ட்ரீமிங் முறையில்தான் அனுப்புகிறார். வாசலுக்கு அப்பால்தான் அது பொட்டலமாகிறது.

ஆக, தேர்ந்தெடுக்க வேண்டியவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. பார்ப்பவர் உடனுக்குடன் பதில் பேச வேண்டுமா? ஆம் என்றால் வெப்ஆர்.டி.சி. போன்ற ஸ்ட்ரீமிங் ஏற்பாடு தேவை. ஏலம், மருத்துவ ஆலோசனை, கேள்வி கேட்கும் வகுப்பு எல்லாம் இந்த ரகம். பதில் பேச வேண்டாம், ஆனால் நேரலையா? துண்டு போட்ட வெப் சர்வரும் சேமிப்பு சர்வர்களும் போதும். நேரலையும் இல்லை, பதிவுதானா? சாதாரண வெப் சர்வரே அதிகம்.

மூன்றாவது பதிலைச் சொல்ல வேண்டிய பலர் முதல் பதிலைச் சொல்லிப் பணத்தை இறைக்கிறார்கள். கணக்கு சிக்கலானதல்ல. விநாடிக்கு 500 கிலோபிட் வீடியோவை ஒரே நேரத்தில் 1,000 மாணவர்கள் பார்த்தால் விநாடிக்கு 500 மெகாபிட் லைன் வேண்டும். அதே பாடத்தைப் பதிவாக வைத்தால் அவர்கள் நாள் முழுவதும் பரவி, வேண்டிய நேரத்தில் வந்து எடுத்துக்கொள்வார்கள். கூட்டமும் இல்லை, பெரிய லைனும் வேண்டாம்.

பணத்தைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி கிராமக் குடும்பங்களில் 14.9 சதவீதத்துக்கும் நகரக் குடும்பங்களில் 42 சதவீதத்துக்கும்தான் இன்டர்நெட் வசதி இருந்தது. இரண்டு வருடம் கழித்து கொரோனா வந்தபோது நாடெங்கும் வகுப்புகள் நேரலைக்கு மாறின. நேரலை என்பது சிக்னல் உள்ளவர்களுக்கு மட்டும் போடப்படும் பந்தி. பத்து மணி வகுப்புக்குப் பத்து மணிக்கே சிக்னல் வேண்டும், பத்து மணிக்கே வீட்டில் போன் சும்மா இருக்க வேண்டும். அப்பா வேலைக்கு எடுத்துப்போகும் ஒரே போன் உள்ள வீட்டில் அது நடக்காது.

பொட்டலம் காத்திருக்கும். ஒரு மணி நேர வீடியோ பாடம் 500 கிலோபிட் வேகத்தில் 225 மெகாபைட். குரலை மட்டும் 64 கிலோபிட்டில் பதிந்தால் 29 மெகாபைட்டுக்குள் அடங்கும். ராத்திரி இறக்கிக்கொள்ளலாம். பாதியில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர எச்.டி.டி.பி.யில் வழி உண்டு. ஒருவர் இறக்கினால் பத்துப் பேருக்குப் பகிரலாம். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் யூடியூபில் இருப்பதோடு டவுன்லோட் செய்யவும் கிடைப்பதன் அருமை இதுதான். யூடியூபே 2014 டிசம்பரில், சேமித்து வைத்துப் பிறகு பார்க்கும் வசதியை இந்தியாவுக்குத் தந்தது. அறுந்து அறுந்து வரும் லைனில் வாழ்பவர்களை அதுவும் புரிந்துவைத்திருந்தது.

எந்த சர்வர் உயர்ந்தது என்ற சண்டையை இன்ஜினீயர்களிடம் விட்டுவிடலாம். கல்லூரி முதல்வரும் சபாவின் செயலாளரும் யோசிக்க வேண்டியது வேறு. தங்கள் ஊரில் மிக மெலிந்த லைன் வைத்திருப்பவர் யார், அவருக்கு எது போய்ச் சேரும் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். சர்வரை அதற்குப் பிறகு வாங்கலாம்.