ஸ்டேஷனில் அவ்வளவு வெளிச்சம் இல்லை

நான் செய்து வைத்திருக்கும் மாடல் ஸ்டேஷனில் முதலில் 26 விளக்குகள் எரிந்தன. இப்போது ஐந்துதான் எரிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் மற்றதெல்லாம் ரிப்பேர் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நானேதான் பிடுங்கினேன் என்றால் நம்புவதில்லை. ஏன் பிடுங்கினேன் என்பதை ஒரு முறை எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர்களிடம் இதைப் படிக்கச் சொல்லிவிட்டு காபி போடப் போகலாம்.

மாயவரம் பக்கம் மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷன். 1972-இல் நான் ஏ.எஸ்.எம். ஆக வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் அங்கேதான் போட்டார்கள். அகலப்பாதை வந்தபோது அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். என்னிடம் ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கிறது. அதில் பாதியை ஒரு தூங்குமூஞ்சி மரம் மறைக்கிறது. மீதியை ஞாபகத்திலிருந்துதான் கட்ட வேண்டியிருந்தது.

அளவு 87-இல் ஒரு பங்கு. மாடல் ரயில்காரர்கள் எச்.ஓ. என்று சொல்வது இதைத்தான். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். 87-ஆல் பெருக்கினால் 1435 வரும். அது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜ். நம் அகலப்பாதை 1676, நம் மீட்டர் பாதை 1000. ஆகவே கடைத் தண்டவாளத்தை வாங்கிப் போட்டால் நம் ஊர் ரயில் எதற்கும் பொருந்தாது. மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் வேண்டும். அதை வரவழைக்கத்தான் அதிகம் செலவானது. இந்த அளவில் ஐந்தரை அடி மனிதன் 19 மில்லிமீட்டர். ஏழடிக் கதவு இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மங்களூர் ஓடு ஒன்று 5 மில்லிமீட்டர்கூட வராது. ஓடுகளைத் தனித்தனியாகச் செய்ய முயன்று ஒரு வாரம் வீணானது. பிறகு தடித்த காகிதத்தை நீளப் பட்டைகளாக வெட்டி, ஓரத்தில் பல் பல்லாகக் கத்தரித்து, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினேன். கொத்தனார் ஓடு வேய்வதும் அப்படித்தானே.

சுவருக்கு சன்போர்டு. கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் செய்ய வாங்குவார்களே, அது. இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடால், அழுத்தாமல் மூன்று நான்கு முறை கீறி எடுக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெட்ட நினைத்தால் ஓரம் பிசிறடிக்கும், கட்டை விரலும் தப்பாது.

இதெல்லாம் பொறுமை இருந்தால் யாருக்கும் வந்துவிடும். நான் தவறு செய்தது விளக்கில்.

எல்.இ.டி. மலிவு. ஒரு பாக்கெட் வாங்கினால் நூறு இருக்கிறது. இருப்பதைப் பயன்படுத்தாமல் விட மனசு வருமா? பிளாட்பாரம் முழுக்க வரிசையாக, ஆபீசுக்குள் இரண்டு, டிக்கெட் ஜன்னலில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, மரத்தடியில் ஒன்று. எல்லாம் பளீர் வெள்ளை. சுவிட்சைப் போட்டால் கூடமே திரும்பிப் பார்க்கும். பேத்தி கை தட்டினாள். நானும் மயங்கித்தான் போனேன்.

பிறகு ஒரு நாள், அந்த ஸ்டேஷனில் என்னோடு வேலை பார்த்த பாயிண்ட்ஸ்மேன் வந்தார். எண்பதைத் தாண்டியவர். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நான் பெருமையாக சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். கல்யாண வீடு மாதிரி இருக்கு."

"நம்ம ஸ்டேஷன்தாண்ணே."

"கட்டடம் நம்மளுதுதான். இந்த லைட்டு அன்னிக்கு இருந்திருந்தா என் காலு இப்படி ஆயிருக்குமா சார்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசி மாத மழை ராத்திரி ஒன்றில், ஹோம் சிக்னல் விளக்கு அணைந்துவிட்டது என்று அரிக்கேனை எடுத்துக்கொண்டு போனார். காற்றில் அரிக்கேனும் அணைந்தது. தரையோடு ஓடும் சிக்னல் கம்பி தடுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அவர் கூப்பிட்ட குரல் மழையில் எனக்குக் கேட்கவே இல்லை. விளக்கு போனவர் திரும்பவில்லையே என்று நான் தேடிக்கொண்டு போக நேரமாகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார்.

அந்த இருட்டில்தான் நாங்கள் வேலை பார்த்தோம். அதை மாடலில் நான் துடைத்துப் போட்டிருந்தேன்.

ஆகவே இது என் அபிப்பிராயம். மாடல் செய்கிறவன், கடையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்து விளக்குப் போடக் கூடாது. அந்த இடத்தில் என்ன எரிந்தது என்று பார்த்துப் போட வேண்டும். இப்போது எந்த மாடலைப் பார்த்தாலும் நகைக்கடை ஷோகேஸ் போல மின்னுகிறது. பிளாட் விற்கிறவர்கள் மேஜைமேல் வைத்திருக்கும் மாடலை விட்டுவிடுவோம். அது விற்பதற்காகச் செய்தது. ஆனால் ஊர்த் தெருவையும் பழைய கோயிலையும் அக்கிரகாரத்தையும் ஞாபகத்துக்காகச் செய்கிறவர்களும் அதே வெளிச்சத்தைத்தான் போடுகிறார்கள்.

குறைப்பது எப்படி என்று கேட்பீர்கள். முதலில் விளக்கின் பருமன். சாதாரண 3 மில்லிமீட்டர் எல்.இ.டி.யை 87-ஆல் பெருக்குங்கள். 26 சென்டிமீட்டர். கம்பத்தின் உச்சியில் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி. அதற்குப் பதில் 0603 என்ற எண்ணில் பொடி எல்.இ.டி., மெல்லிய கம்பி பற்றவைத்தே விற்கிறார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்தான். பெருக்கிப் பார்த்தால் ஒரு லாந்தர் கண்ணாடியின் அளவுக்கு வந்துவிடும். வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்க வேண்டும். அதுவும் மண்ணெண்ணெய் வெளிச்சத்துக்கு வெளுப்புதான். மேலே டாமியா கிளியர் ஆரஞ்சு ஒரு பூச்சு மெல்லியதாகக் கொடுத்தால் சுடரின் நிறம் வரும்.

அடுத்தது ரெசிஸ்டர். 12 வோல்ட் அடாப்டரில் எல்லோரும் வழக்கமாகப் போடுவது 470 ஓம். சுமார் 19 மில்லிஆம்பியர் ஓடும். டார்ச் லைட்தான் அது. நான் இப்போது போட்டிருப்பது 10 கிலோ ஓம். ஒரு மில்லிஆம்பியர்கூட இல்லை. மின்சாரத்தைப் பாதியாக்கினால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது, கண் அவ்வளவு எளிதில் ஏமாறாது. பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று இறங்கினால்தான் "ஆமாம், குறைந்திருக்கிறது" என்று ஒப்புக்கொள்ளும். சரியான அளவைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு வேரியபிள் ரெசிஸ்டரையும் தொடராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கிக் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். கண் பழகிய பிறகு திருகுங்கள். சரி என்று பட்ட இடத்தில் மீட்டரால் அளந்து, அதே மதிப்பில் நிரந்தர ரெசிஸ்டரைப் போட்டுவிடலாம். பகல் வெளிச்சத்தில் திருகினால் மறுபடி கல்யாண வீடுதான்.

மூன்றாவதை அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆபீசுக்குள் விளக்கு எரிந்தால் சன்போர்டு சுவரே பப்பாளிப்பழம் போல ஒளிரும். சுவரின் உட்பக்கத்தில் முதலில் கறுப்பு அடித்து, காய்ந்தபின் அதன்மேல் சுண்ணாம்பு நிறம் அடிக்க வேண்டும். மூலைகளில் கறுப்புக் காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். கூரை இடுக்கிலும் பாருங்கள். வெளிச்சம் ஜன்னல் வழியாக மட்டுமே வெளியே வர வேண்டும்.

சிக்னல் விளக்குக்குப் பச்சை எல்.இ.டி. வாங்காதீர்கள். பழைய கை சிக்னலில் விளக்கு ஒன்றுதான், மஞ்சள் சுடர். கை அசையும்போது அதன் முன்னால் சிவப்புக் கண்ணாடியோ இன்னொரு கண்ணாடியோ வரும். அந்த இன்னொரு கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நீலம் ஓடியதாக இருக்கும். மஞ்சள் சுடர் பின்னால் இருந்தால்தான் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரியும். நானும் அப்படியே வார்ம் எல்.இ.டி.க்கு முன்னால் நீலப் பச்சைத் தாளை ஒட்டினேன். கிடைத்த பச்சை எந்தப் பச்சை எல்.இ.டி.யிலும் வராது. டிரைவராக இருந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் இருப்பதே அபூர்வம்.

பூச்சு விஷயத்திலும் இதே கட்சிதான் நான். பளபளப்பு இருந்தால் எதுவும் பொம்மையாகிவிடும். கடைசிப் பூச்சு மேட் வார்னிஷ். டப்பாவிலிருந்து எடுத்த நிறத்தை அப்படியே அடிக்காமல் சிறிது வெள்ளையோ சாம்பலோ கலந்து அடியுங்கள். தூரத்தில் இருக்கிற பொருளின் நிறம் எப்போதும் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், மாடலை நாம் தூரத்திலிருந்து பார்ப்பதாகத்தானே பாவனை. அழுக்குக்கு, பழுப்பு அக்ரிலிக் பெயின்ட்டை நிறையத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, மேலே தடவி, உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இடுக்கில் மட்டும் தங்கும். ஜல்லியைப் பரப்பிவிட்டு, முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கல்போல் பிடித்துக்கொள்ளும். பிளாட்பாரத்துப் புழுதிக்கு எங்கள் வீட்டுத் திருநீறுதான். அதைவிடப் பொடியானது கடையில் இல்லை. மனைவி முதலில் முறைத்தாள். பழனியில் வாங்கியது இல்லை என்று சத்தியம் செய்த பிறகு விட்டாள்.

அழுக்கிலும் ஒரு எச்சரிக்கை. சிலர் இப்போது எல்லாவற்றுக்கும் துரு ஏற்றுகிறார்கள். அதுவும் பளபளப்புக்கு அண்ணன்தான். அழுக்குக்குக் காரணம் இருக்க வேண்டும். ரயில் பிரேக் பிடிக்கும் இடத்தில் ஜல்லி செம்பழுப்பாகும். எஞ்சின் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். பெஞ்சில் முதுகு சாயும் இடம் மட்டும் தேய்ந்திருக்கும். ஆனால் பிளாட்பார ஓரக் கல் வெள்ளை வெளேர் என்று இருக்கும். இன்ஸ்பெக்ஷன் என்று தகவல் வந்தால் நாங்கள் முதலில் சுண்ணாம்பு அடிப்பது அதற்குத்தானே!

என் மகனுக்கு இதில் சம்மதமில்லை. "இவ்வளவு வேலை செஞ்சுட்டு இருட்டுல வெச்சா யாருக்குப்பா தெரியும்?" என்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பல் பல்லாகக் கத்தரித்த ஓட்டை யாராவது பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதனால் மேலே தனியாக ஒரு டேபிள் லாம்ப் மாட்டியிருக்கிறேன். அது பகல். அதைப் போட்டு எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். அணைத்தால் ராத்திரி. ராத்திரியில் ஆபீஸ் மேஜையில் ஒன்று, பிளாட்பாரத்தில் இரண்டு, சிக்னலில் இரண்டு. மீதி இருட்டு.

போன மாதம் அவரை மறுபடி அழைத்து வந்தேன். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வெகு நேரம் பேசவில்லை. கண் தெரியவில்லையோ என்று எனக்குப் பயம். பிறகு விரலை நீட்டி, பிளாட்பாரச் சரிவு முடிந்து கொஞ்சம் தள்ளி, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைத் தொட்டார்.

"இங்கதான் சார். ஆனா கம்பியைக் காணுமே?"

உண்மைதான். சிக்னல் கம்பியை நான் போடவே இல்லை. அதைப் போய் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அன்று ராத்திரியே கணக்குப் போட்டேன். ஐந்து மில்லிமீட்டர் கம்பி என்று வைத்துக்கொண்டாலும், 87-ஆல் வகுத்தால் ஒரு தலைமுடிக் கனம்தான். தையல் நூல் எல்லாம் வடக்கயிறு மாதிரி இருந்தது. இப்போது பேத்தியின் சீப்பிலிருந்து நீளமான முடியாகப் பொறுக்கி எடுத்து, குண்டூசித் தலைகளைக் கப்பியாக வைத்து, ஆபீசிலிருந்து ஹோம் சிக்னல் வரைக்கும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். பாதி தூரம் வந்திருக்கிறது.