பேரீச்சைகளைப் பிடுங்கச் சொன்னது யார்?

ரியாதில் 2018 ஏப்ரல் 18 அன்று ஒரு திரையரங்கைத் திறந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மக்களுக்கென்று ஒரு சினிமாக் கொட்டகைகூட இல்லாதிருந்த தலைநகரம் அது. அங்கே முதலில் ஓடிய படம் 'பிளாக் பாந்தர்'. வகாண்டா என்று ஒரு கற்பனை ராஜ்ஜியம், வெளியுலகம் அறியாமல் அறிவியலில் எங்கோ போய்விட்ட நாடு. ஆனாலும் அங்கே குலங்கள் உண்டு, முடிசூட்டுச் சடங்கு உண்டு, தகப்பன் இறந்ததும் அரியணை ஏறும் இளம் ராஜா உண்டு. முன்னோர் சொன்னபடி கதவைச் சாத்தியே வைத்திருப்பதா, திறந்துவிடுவதா என்பது அவனுடைய தவிப்பு. அதற்கு முந்தைய ஆண்டுதான் 31 வயதில் முகமது பின் சல்மான் பட்டத்து இளவரசராகியிருந்தார். அவருடைய தலைநகரில் இந்தக் கதை ஓடியது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் இதைவிடப் பொருத்தமான ஒரு படத்தைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

எனக்கும் பிடித்த படம்தான். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. கதவைப் பற்றிக் கவலைப்படுகிறவன் ராஜா. திறக்கச் சொல்கிறவர்களும் மூடச் சொல்கிறவர்களும் ராஜாவைச் சுற்றி நிற்கிறவர்கள். கடைசியில் தீர்மானிப்பவனும் ராஜாதான். அந்த நாட்டுச் சந்தையில் கூடை விற்கிறவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், என் தோழியான ஓர் இளம் எழுத்தாளர் தன் முதல் நாவலின் பாதியைப் படிக்கக் கொடுத்ததுதான். ஊர் கீழக்கரைப் பக்கம். தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிறார் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். மணல் சூழ்ந்த எதிர்கால ராஜ்ஜியம், கண்ணாடியாலான நகரம், கூடாரத்தை விட்டு வர மறுக்கும் குலத்தலைவர், இரண்டு பக்கமும் இழுபடும் இளவரசி. ஃபிராங்க் ஹெர்பெர்ட் 1965-ல் எழுதிய 'டூன்' அவருக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் படிக்கப் படிக்க அதே உறுத்தல் வந்தது. அவரிடம் நேரில் சொன்னவற்றைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மரபா, நவீனமா என்று பாலைவன முடியாட்சிகளைப் பற்றி நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அது அரண்மனைக்கு மிகவும் வசதியான கேள்வி என்று நான் நினைக்கிறேன். எந்தப் பதிலைச் சொன்னாலும் அதைச் செயல்படுத்தும் அதிகாரம் அரண்மனையிடமே தங்கிவிடும்.

சவூதியின் கதையையே பார்க்கலாம். 1932-ல் இந்த ராஜ்ஜியம் பிரகடனமாவதற்கு முன், மன்னர் இப்னு சவூதுக்காகப் போரிட்டு நிலங்களைப் பிடித்துத் தந்தவர்களில் முக்கியமானவர்கள் இக்வான் என்ற பதூயின் படையினர். டெலிபோனும் மோட்டார் காரும் அவர்களுக்கு ஆகாத புதுமைகள். எல்லை கடந்து இராக்கிலும் அவர்கள் கொள்ளையிடப் புகுந்தபோது பிரிட்டிஷாரோடு மன்னருக்கு இருந்த உறவுக்கு ஆபத்து வந்தது. 1929 மார்ச்சில் சபிலா என்ற இடத்தில் இயந்திரத் துப்பாக்கிகளை வைத்து அவர்களை மன்னர் முறியடித்தார். ஐம்பது ஆண்டு கழித்து, 1979 நவம்பரில், இக்வான் வழிவந்த ஜுஹைமான் அல்-உதைபி ஆயுதக் கூட்டத்தோடு மக்காவின் பெரிய பள்ளிவாசலைப் பிடித்துக்கொண்டார். மீட்க இரண்டு வாரம் ஆனது. பிடிபட்ட கலகக்காரர்களில் 63 பேரின் தலையை வெட்டினார்கள். அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அவர்கள் கேட்டவற்றில் பலவற்றை அரண்மனையே செய்துகொடுத்தது. பெண்கள் மீதான கட்டுப்பாடுகள் இறுகின. திரையரங்குகளுக்கு இடமில்லாமல் போயிற்று. மதக் காவலர்களின் கை ஓங்கியது.

2018-ல் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டலாம் என்று அனுமதி வந்தது. உலகமே பாராட்டியது, பாராட்ட வேண்டிய மாற்றமும்தான். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்னால், மே மாதத்தில், அந்த உரிமையைக் கேட்டுப் பல ஆண்டுகள் போராடிய பெண்களைக் கைது செய்தார்கள். 1990 நவம்பரில் ரியாத் தெருக்களில் துணிந்து கார் ஓட்டி வேலையையும் பாஸ்போர்ட்டையும் இழந்த 47 பெண்களில் சிலரும் அப்போது பிடிக்கப்பட்டார்கள். அந்த மே மாதம் கைதான லுஜைன் அல்-ஹத்லூல் மீது பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தது. 2021 பிப்ரவரியில்தான் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

1979-ல் கேட்டவர்கள் பழமையைக் கேட்டார்கள், 2018-ல் கேட்டவர்கள் புதுமையைக் கேட்டார்கள். ஜுஹைமான் துப்பாக்கியோடு வந்தவர், இந்தப் பெண்கள் கையில் ஸ்டியரிங்கைத் தவிர எதுவும் இல்லை. இருவரையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது. அரண்மனை இருவரையும் கையாண்ட விதத்தை மட்டும் சொல்கிறேன். கேட்ட பொருளைக் கொடுப்பார்கள். கேட்டவரை விடமாட்டார்கள். எல்லாம் மேலிருந்து கருணையாக இறங்க வேண்டும், கீழிருந்து உரிமையாக ஏறக் கூடாது.

எண்ணெய்க் காலத்தின் தொடக்கத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது. சவூதியின் எண்ணெய் நகரமான தஹ்ரானில் அமெரிக்க அதிகாரிகளுக்குப் புல்வெளியோடு வீடுகளும் நீச்சல்குளமும், அரபுத் தொழிலாளிகளுக்குத் தனி முகாமும் இருந்த காலம். 1953 அக்டோபரில் அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நல்ல குடியிருப்பும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள். இதைவிட நவீனமான கோரிக்கை என்ன இருக்கிறது? 1956-ல் மறுபடியும் கிளர்ந்தபோது வேலைநிறுத்தத்தையே தடைசெய்து அரச ஆணை வந்தது. எண்ணெய்க் குழாயும் விமானமும் ஏர்கண்டிஷனரும் தடையில்லாமல் வந்த அதே ஊரில் தொழிற்சங்கம் மட்டும் வரவில்லை.

இப்படியொரு வேலைநிறுத்தம் அப்துர்ரஹ்மான் முனீஃபின் நாவலில் வருகிறது. என் தோழிக்கு 'டூன்' தெரியும், முனீஃபைத் தெரியவில்லை. அது அவர் குறை இல்லை, நம்மிடையே அவர் பெயர் அதிகம் புழங்கவில்லை. முனீஃப் 1933-ல் அம்மானில் பிறந்தவர். தகப்பனார் சவூதிக்காரர், தாயார் இராக்கைச் சேர்ந்தவர். எண்ணெய்ப் பொருளாதாரத்தில் பெல்கிரேடில் டாக்டர் பட்டம் வாங்கி எண்ணெய்த் துறையிலேயே வேலை பார்த்தவர். அரசியல் காரணத்துக்காக 1963-ல் அவருடைய சவூதிக் குடியுரிமையைப் பறித்தார்கள். 2004-ல் டமாஸ்கஸில் இறந்தார். 1984 முதல் 1989 வரை ஐந்து பாகமாக வந்த அவருடைய 'உப்பு நகரங்கள்' சவூதியில் தடைசெய்யப்பட்டது. கதை நடக்கும் சுல்தானகத்தின் பெயர் மூரான். வரைபடத்தில் இல்லாத நாடு, ஆனால் எந்த நாடு என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் பாகத்தில் வாதி அல்-உயூன் என்று ஒரு பாலைவனச் சோலை. ஊற்றுகள், பேரீச்சைத் தோப்பு, வந்து தங்கிப்போகும் ஒட்டகக் கூட்டங்கள். ஒருநாள் அமெரிக்கர்கள் சிலர் தண்ணீர் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அமீரின் அனுமதி அவர்களிடம் இருக்கிறது. ஊரில் மிதிப் அல்-ஹத்தால் என்ற ஒருவருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அமீரிடமே போய் முறையிடுகிறார், பலனில்லை. பிறகு இயந்திரங்கள் வந்து பேரீச்சைகளை வேரோடு சாய்க்கின்றன. மிதிப் தன் ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்துக்குள் போய் மறைந்துவிடுகிறார். அதன் பிறகு அவர் ஊர் திரும்புவதே இல்லை. ஆனால் எங்கோ தீ என்றால், எங்கோ வேலைநிறுத்தம் என்றால், மிதிப் வந்துவிட்டார் என்று ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். இளைஞர்கள் ஹர்ரான் துறைமுகத்துக்குக் கூலிகளாகப் போகிறார்கள். அங்கே அமெரிக்க ஹர்ரான் ஒன்று, அரபு ஹர்ரான் ஒன்று. ஹர்ரானின் அமீருக்குத் தொலைநோக்கியும் வானொலிப் பெட்டியும் பரிசாகக் கிடைக்கின்றன. அவர் அவற்றிலேயே மூழ்கிக் கிடக்கிறார்.

மிதிப்பைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவது எளிது. அந்த மனிதர் கேட்பது, எங்கள் தண்ணீரைப் பற்றி எங்களிடம் ஏன் பேசவில்லை என்பதுதான். அமீரை நவீனத்தின் பக்கம் நிற்பவர் என்று யாராவது சொல்வார்களா? தொலைநோக்கி வைத்திருப்பதால் ஒருவர் நவீனமானவர் ஆகிவிடுவதில்லை.

இந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் இது நாவல் போலவே இல்லை என்ற பொருளில் மதிப்புரை எழுதினார். தனியொரு நாயகனின் மனப் பயணம் இதில் இல்லை என்பது அவருடைய குறை. நான் அதைத்தான் இந்த நூலின் பெரிய பலமாக நினைக்கிறேன். ஒரு ஊரே கதைநாயகனாக இருக்கும்போது, அரசனின் தவிப்பு கதையின் மையத்துக்கு வரவே முடியாது. அமிதவ் கோஷ் 1992-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த நாவலை முன்வைத்துத்தான், உலகத்தையே மாற்றிய எண்ணெய்க்கு ஏன் இலக்கியம் இல்லை என்று கேட்டது. கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது.

இப்போது நியோம் என்ற புது நகரத் திட்டத்துக்கு வருவோம். 2017 அக்டோபரில் ரியாதில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் அதை அறிவித்தார்கள். சோபியா என்ற ரோபோவுக்குச் சவூதிக் குடியுரிமை தந்ததும் அதே மாநாட்டில்தான். வடமேற்கில், செங்கடல் ஓரம், 26,500 சதுர கிலோமீட்டர், 50,000 கோடி டாலர். அதற்குள் 'தி லைன்' என்ற நேர்கோட்டு நகரம், அறிவித்த திட்டப்படி: 170 கிலோமீட்டர் நீளம், 500 மீட்டர் உயரம், 200 மீட்டர் அகலம், வெளிப்புறம் முழுக்கக் கண்ணாடி, 90 லட்சம் பேர். சென்னையில் தொடங்கினால் கிட்டத்தட்ட விழுப்புரம் வரை ஒரே கட்டடம். கார் கிடையாது, தெருவும் கிடையாது.

அந்த இடம் வெறும் மணல் இல்லை. ஹுவைதாத் குலத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்கள் அங்கே இருந்தன. அல்-குரைபா அவற்றில் ஒன்று. ஊரைக் காலி செய்யச் சொன்னபோது அப்துர்ரஹீம் அல்-ஹுவைதி என்பவர் மறுத்தார். தான் மறுப்பதைத் தானே வீடியோவாகப் பதிந்து இணையத்தில் போட்டார். தன் வீட்டில் ஆயுதத்தை வைத்துவிட்டுத் தன் மேல் பழி போடக்கூடும் என்றும் அதில் சொன்னார். 2020 ஏப்ரல் 13 அன்று பாதுகாப்புப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்தான் முதலில் சுட்டார் என்றது அரசு. எதிர்த்த அந்தக் குலத்தார் மூவருக்குப் பிறகு மரண தண்டனை விதித்தார்கள்.

பாலைவனத்துக் குலத்தைச் சேர்ந்த அந்த மனிதர் கையில் இருந்தது செல்போன். மரபுக்கும் நவீனத்துக்கும் இடையே போராட்டம் என்று இதை எப்படி எழுதுவது? யாரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது?

2024-ல் வந்த செய்திகளின்படி, 2030-க்குள் அந்த 170 கிலோமீட்டரில் 2.4 கிலோமீட்டர்தான் முடியும் என்று திட்டத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். அல்-குரைபாவை அப்படிச் சுருக்கி இடிக்கவில்லை. ஊர் முழுக்கத்தான் போயிற்று.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த என் தோழி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அண்ணா, எங்க அத்தா ஜுபைல்ல பதினெட்டு வருஷம் வெல்டரா இருந்தாங்க. என் நாவல்ல வெல்டரே இல்லையே" என்றார்.

அதுதான் நானும் சொல்ல வந்தது. கண்ணாடி நகரத்தை யார் கட்டினார்கள் என்று அவருடைய பிரதியில் ஒரு வரி இல்லை. 'டூன்' முதல் வகாண்டா வரை, அரண்மனைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. முனீஃபின் ஹர்ரானில் கூலிகளாவது நாவலின் நடுவில் நிற்கிறார்கள். இன்றைய வளைகுடாவைக் கட்டுவது நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நம் ராமநாதபுரத்திலிருந்தும் போனவர்கள். அவர்களுக்கு அங்கே மரபும் நவீனமும் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, என்ற ஒரே ஆளின் வடிவத்தில்தான் வந்தன. கைரேகை இயந்திரத்தில் வருகைப் பதிவு, கம்ப்யூட்டரில் இக்காமா என்ற குடியிருப்பு அனுமதி, ஆனால் ஊருக்குப் போக முதலாளியின் அனுமதி. சவூதியில் 2021 மார்ச்சில்தான் பலருக்கு அந்த விதி தளர்ந்தது. வீட்டுவேலை செய்கிறவர்களுக்கும் வீட்டு டிரைவர்களுக்கும் அப்போது அந்தத் தளர்வு கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் போன் செய்தார். கதையை அத்தாவுக்குச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிச் சுவர், இளவரசி, குலத்தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "அந்த ராஜ்ஜியத்துல வேலைக்குப் போறவன் பாஸ்போர்ட் யார் கையிலம்மா இருக்கும்?"

முதல் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொழிலாளர் கேம்ப்பிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறார். இளவரசி வருவாளா என்று கேட்டேன். வருவாளாம், ஆனால் எட்டாவது அத்தியாயத்தில்.