கேமரன் மலைக்காக வண்டியை உயர்த்தப் போறீங்களா? காப்புறுதியையும் பாருங்க

தேயிலைத் தோட்டத்து மண் பாதையில் லேண்ட் ரோவர் ஏறுவதைப் பார்த்ததும், உங்க வண்டிக்கும் 'லிஃப்ட் கிட்' போட ஆசையா?

உயரம் கூடினால் வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே போகும். தாப்பா சாலை வளைவுகளில் கவிழும் ஆபத்து அதிகம். அதனால்தான் வாகன மாற்றங்களை 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. முதலில் ஜேபிஜே ஒப்புதல் வாங்குங்க.

காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிடுங்க. மறைத்தால், உங்க வண்டிச் சேதத்துக்கான இழப்பீடு குறையலாம், மறுக்கவும் படலாம்.

விபத்தில் இன்னொருவர் காயப்பட்டால்? வண்டியின் நிலையைக் காட்டி அவருக்குரிய இழப்பீட்டை நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால், கொடுத்த பணத்தைப் பிறகு உங்ககிட்டயே திருப்பிக் கேட்கலாம்.

ஒர்க்‌ஷாப் பில்லைவிட அந்தத் தொகை பல மடங்கு பெரிசா இருக்கும். கிட் வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைங்க.