தலையெழுத்தும் அச்சுப்பிழையும்

எங்கள் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரிட்டயராக இன்னும் 2 வருஷம். காலை 11 மணிக்கு எங்களை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போவார். (காசு நாங்கள்தான் கொடுப்போம்.) மாஸ்டர் கிளாஸை நீட்ட வேண்டியதுதான், மடக் மடக்கென்று உள்ளே இறக்கிவிடுவார். எங்களால் அந்தக் கிளாஸைக் கையால் பிடிக்கவே முடியாது.

"டீன்னா சுடணும் தம்பி. ஆறிப்போனா அது கஷாயம்!" என்பார். அதன் மேல் ஒரு சிகரெட். மத்தியானம் சாப்பிட்டதும் பாக்கு, புகையிலை.

கொஞ்ச நாளாக அவர் டிபன் பாக்ஸில் ஒரு மாற்றம். தோசை போய் இட்லி வந்தது. இட்லி போய் ரசம் சாதம். அப்புறம் கஞ்சி. "என்ன சார், டயட்டா?" என்று கேட்டேன். "இல்லப்பா, தோசை நெஞ்சுல நின்னுக்குது. தண்ணி குடிச்சாத்தான் இறங்குது."

டாக்டரைப் பாருங்கள் என்றதற்குச் சிரித்தார். "எல்லாம் தலையெழுத்து தம்பி! எங்க தாத்தா 92 வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சார். ஒண்ணும் ஆகலை. எதிர்வீட்டு வாத்தியார் காபிகூடத் தொடமாட்டார். அவருக்குத்தான் கேன்சர் வந்தது. இதுக்கு என்ன சொல்றே?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். படித்ததில், பெரியவர் சொன்னது பாதி சரி என்று தெரிந்தது. தலையில் இல்லாவிட்டாலும் எழுத்து என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுமார் 300 கோடி எழுத்துள்ள ஒரு புத்தகம் இருக்கிறது. டி.என்.ஏ. என்று அதற்குப் பெயர்.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதன் உள்தோல் தேயத் தேய, புது செல்கள் பிறந்து அந்த இடத்தை நிரப்பும். ஒவ்வொரு செல் பிறக்கும்போதும் புத்தகம் முழுக்க மறுபடி நகலெடுக்க வேண்டும். 60 பக்கப் பத்திரிகையிலேயே பக்கத்துக்கொரு அச்சுப்பிழை வருகிறபோது (எடிட்டர் மன்னிக்க), 300 கோடி எழுத்தில் பிழை வராமலிருக்குமா? அந்தப் பிழைதான் மியூட்டேஷன்.

பெரும்பாலான பிழைகளால் ஒரு கெடுதலும் இல்லை. சில மட்டும் இசகுபிசகான இடத்தில் விழும். டி.பி.53 என்று ஒரு ஜீன் உண்டு. பிரஸ்ஸில் 'பிழை இருக்கு, மெஷினை நிறுத்து!' என்று கத்துகிற ஃபோர்மேன் மாதிரி அது. உணவுக்குழாய்ப் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது ஸ்குவாமஸ் வகை. அந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த ஃபோர்மேன் வாயடைத்துக் கிடக்கிறார்.

சரி, பிழை எங்கிருந்து வருகிறது? அப்பா, தாத்தா வழியாகவா?

அப்படியும் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கம் சில குடும்பங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போகும். அவர்களில் பலருக்கு உணவுக்குழாயில் புற்று வந்ததை 1958-ல் டாக்டர்கள் எழுதிவைத்தார்கள். காரணமான ஜீனை 2012-ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் இது அபூர்வத்திலும் அபூர்வம்.

சீனாவில் ஹெனான் மாகாணத்தில் லின்ஷியான் என்று ஒரு வட்டாரம். இந்த நோய்க்கு உலகப் பிரசித்தம். குடும்ப வியாதியா, ஊர் வியாதியா என்று ஆராயப் போனவர்களுக்கு எதிர்பாராத இடத்தில் துப்புக் கிடைத்தது. அந்த ஊர்க் கோழிகளுக்கும் தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புற்று இருந்தது! கோழி நமக்குச் சித்தப்பா பெரியப்பா முறையில்லை. பீடி பிடிப்பதும் கிடையாது. மனிதனுக்கும் கோழிக்கும் பொதுவாக இருந்தது அந்த ஊர் மண்ணும் தண்ணீரும் சாப்பாடும்தான்.

இன்னொரு ஊர், ஈரானில் கோலெஸ்தான் மாகாணம். அங்கே குடி குறைவு, சிகரெட்டும் குறைவு. ஆனாலும் இந்த நோய் ஏராளம். அவர்கள் விரும்பிச் சாப்பிடுவது சுடச்சுட பிளாக் டீ. 2009-ல் வெளியான ஆராய்ச்சியில் ஒரு கணக்கு வந்தது. 65 டிகிரிக்குக் கீழே ஆறவைத்துக் குடிக்கிறவர்களைவிட, 70 டிகிரிக்கு மேல் குடிக்கிறவர்களிடம் நோய் சுமார் 8 மடங்கு. ஊற்றி 4 நிமிஷம் பொறுத்துக் குடிக்கிறவர்களோடு ஒப்பிட்டால், 2 நிமிஷத்துக்குள் காலி செய்கிறவர்களிடம் சுமார் 5 மடங்கு. அங்கே அபின் பழக்கமும் ஒரு காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2016-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' பட்டியலில் சேர்த்தது. குற்றவாளி டீ இல்லை, சூடு. வெந்நீராக இருந்தாலும் அதே கேஸ்தான்.

அப்புறம்தான் கதையில் திருப்பம். பல விஷங்கள் டி.என்.ஏ.வில் தம் கையெழுத்தை விட்டுப் போகும். சிகரெட் புகைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு இன்னொரு மாதிரி. கைரேகை நிபுணர் போல் அதைப் படித்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று விஞ்ஞானிகள் கிளம்பினார்கள். நோய் அதிகமுள்ள ஈரான், சீனா, கென்யா, குறைவாக உள்ள இங்கிலாந்து என்று 8 நாடுகளிலிருந்து 552 பேருடைய கட்டிகளின் மொத்தப் புத்தகத்தையும் வாசித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. குடி, சிகரெட், அபின் இவற்றின் ரேகைகள் அங்கங்கே தெரிந்தன. ஆனால் நோய் அதிகமுள்ள ஊருக்கென்று தனி ரேகை எதுவும் இல்லை! எல்லா நாட்டிலும் பிழைகளின் ஜாடை ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் ஊருக்கு ஊர் ஏன் இத்தனை வித்தியாசம்?

இதற்கு ஒரு குறிப்பு 2018-லேயே கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் நோயே இல்லாத 9 பேரின் உணவுக்குழாயைச் சோதித்தார்கள். 20 வயதுக்காரரிலிருந்து 75 வரை. அசந்துபோனார்கள். இருபதுகளிலேயே செல்லுக்குச் சில நூறு பிழைகள். வயதானவர்களிடம் 2,000-க்கும் மேல். நடுத்தர வயதுக்குள் உணவுக்குழாயின் பாதிக்கு மேல் புற்றுநோய் ஜீன்களில் பிழை உள்ள செல்கள் ஆக்கிரமித்திருந்தன. ஆளோ ஆரோக்கியமாக இருந்தவர்! சில பிழைகள் நல்லதுகூடச் செய்கின்றன. 2021-ல் எலிகளில் பார்த்தபோது, ஒரு வகைப் பிழை செல்கள் பக்கத்தில் முளைக்கும் குட்டிக் கட்டிகளை நெட்டித் தள்ளி வெளியேற்றியது தெரிந்தது. நம்ம ஊர் ரவுடி வெளியூர் ரவுடியை விரட்டுவது போல.

ஆக, அச்சுப்பிழை எல்லோருக்கும் உண்டு. எனக்கு, உங்களுக்கு, ஏன், எதிர்வீட்டு வாத்தியாருக்கும். காபி தொடாதவருக்கும் நோய் வருவது இதனால்தான். பிழை இருக்கிற இடத்தில் நாம் தினம் என்ன ஊற்றுகிறோம் என்பது அடுத்த கேள்வி. வெந்த தோல் ஆற, செல்கள் மறுபடி மறுபடி பிறக்க வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் கெட்ட செல்லுக்கு இடம் கிடைத்துவிடுகிறது என்று கருதுகிறார்கள். குடியும் சிகரெட்டும் இந்த ஆக்கிரமிப்பை வேகப்படுத்துகின்றன என்று ஜப்பான் விஞ்ஞானிகள் 2019-ல் காட்டினார்கள்.

இரண்டு மூன்று சேர்ந்தால் கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல். சீனாவில் சுமார் 4.5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் சொன்னது இது: குடியும் சிகரெட்டும் இல்லாதவர்களுக்குச் சூடான டீ மட்டும் பெரிதாகக் கெடுதல் செய்யவில்லை. கொதிக்கிற டீயோடு தினசரிக் குடியும் சேர்ந்தால் 5 மடங்கு. சிகரெட் சேர்ந்தால் 2 மடங்கு. பாக்குக்குப் புகையிலையின் துணைகூட வேண்டாம். வெறும் பாக்கே கெடுதல் என்று ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது.

இதையெல்லாம் பெரியவரிடம் ஒப்பித்தேன். பாதியில் கொட்டாவி விட்டார். கோழிக் கதைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோழிக்குமா?" என்றார். மறுநாள் லீவு லெட்டர் எழுதி நீட்டினார். காரணம்: 'சொந்த வேலை'.

எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே நானும் அவர் சம்சாரமும் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் வெறும் டிபன் பாக்ஸ். சதை எடுத்து அனுப்பி, ரிசல்ட் வர ஒரு வாரமாயிற்று. அந்த ஒரு வாரம் 11 மணிக்கு எங்களில் யாரும் டீக்கு எழுந்திருக்கவில்லை.

புற்று இல்லை. ஆனால் புண் இருந்தது. செல்கள் மாற ஆரம்பித்திருந்தன. "விழுங்க முடியாமல் போகிறவரைக்கும் காத்திருக்கிறவங்கதான் ஜாஸ்தி. அப்போ குழாய் நன்றாகவே அடைத்திருக்கும். உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றாராம் டாக்டர். சிகரெட், பாக்கு, புகையிலை மூன்றுக்கும் தடா. ஒரு வருஷம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்.

சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதா? காரணமில்லாமல் இளைக்கிறீர்களா? தலையெழுத்து என்று கஞ்சிக்கு மாறாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

நேற்று டீக்கடையில் பெரியவர் மாஸ்டரிடம் சொன்னார்: "நல்லா ஆத்திக் குடுப்பா." பிறகு கிளாஸைப் பெஞ்சில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து 4 நிமிஷம் காத்திருந்தார். அந்த 4 நிமிஷமும் என் கையிலிருந்த சிகரெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே போட்டுவிட்டேன். டீக்குக் காசும் நான்தான் கொடுத்தேன்.