கூண்டு இருக்கு, நிழல் இருக்கா?

சாரல் காலத்தில் குற்றாலம் குளுகுளுவென்று இருக்கும். அதே தென்காசி வட்டாரத்தில் பங்குனி, சித்திரை வெயிலைச் சொல்லி மாளாது. கொல்லையிலும் மொட்டை மாடியிலும் கட்டிப்போட்ட நாய்களின் பாடு அப்போது திண்டாட்டம்தான்.

மனிதர்களுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். வெயிலில் கிடந்து 105 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களுக்கு மூக்கும் தோலும் வெந்துபோகும்.

'அதான் கூண்டு இருக்கே' என்பார்கள். தகரக் கூரை போட்ட கூண்டு மதியத்தில் அடுப்புதான். கூரையின் மேல் வெயில் விழாதபடி இன்னொரு பந்தல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி விட்டால், காற்று புகுந்து சூட்டைக் கொண்டுபோய்விடும்.

எதைப் போடலாம்?

தென்னங்கீற்று குளிர்ச்சி தரும், செலவும் குறைவு. ஆனால் மழையில் மக்கும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். தேள், எலி தங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நர்சரிகளில் கட்டும் பச்சை நிழல் வலை பல வருஷம் உழைக்கும். வெயிலில் நைந்துபோகாத 'யுவி' தரமா, எத்தனை சதவிகித நிழல் தரும் என்று கேட்டு வாங்குங்கள். 75 அல்லது 90 சதவிகிதம் நல்லது. தார்ப்பாய் வேண்டாம். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆனி, ஆடிக் காற்றில் அது பாய்மரம்போல உப்பிக் கிழியும். வலையில் காற்று ஊடுருவிப் போய்விடும். கம்பங்களைக் குழி தோண்டி கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள்.

வலை மழையைத் தடுக்காது. அதனால் கூண்டுக்குத் தனிக் கூரை அவசியம். தரையையும் அரை அடி உயர்த்திவிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் பிற்பகல் வெயில், சாரல் இரண்டுமே மேற்கிலிருந்துதான் வரும். ஆகவே மேற்கில் ஒரு தட்டி கட்டினால் இரண்டுக்கும் ஆயிற்று. கூண்டின் வாசல் கிழக்கே இருக்கட்டும். ஐப்பசி மழை உள்ளே அடிக்காமல் வாசலுக்கு மேல் கூரையைச் சற்று நீட்டிவிடுங்கள்.

இடமிருந்தால் இன்றே ஒரு வேம்போ புங்கையோ நடுங்கள். அது வளரும்வரை பந்தல் தாங்கும்.

காலையில் நிழலாக இருக்கும் இடம் மூன்று மணிக்கு வெயிலாகிவிடும். கட்டிய நாயால் நிழலைத் தேடிப் போக முடியாது. அதனால் சங்கிலி நீளமாக இருக்கட்டும், பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர் இருக்கட்டும். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராததும் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நாய் அளவுக்கு மீறி இரைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.