மின்னூலும் எழுத்தாளர் கூலியும்

அச்சகத்தாரையும் பதிப்பாளரையும் நாடி நிற்காது, தம் நூலைத் தாமே மின்னூலாக வெளியிடும் தமிழ் எழுத்தாளர் இன்று பலராவர். நூலுக்கு விலை குறிப்பவரும் அவரே. முன்னையோர்க்குக் கிட்டாத உரிமை இது. ஆயின், அவ்வுரிமை கைக்கு வந்ததும் நம்மவர் செய்வது யாது? ‘இலவசம்’ என்று அறிவிக்கின்றனர். அன்றேல் 49 ரூபாய் என்று கூச்சத்தோடு குறிக்கின்றனர். இதனைப் பெருந்தன்மை என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

கணக்கைப் பார்ப்போம். அமேசானின் கிண்டில் வழி விற்கும் மின்னூலுக்கு 35 விழுக்காடு உரிமைத்தொகை உண்டு. இந்திய விற்பனையில் 70 விழுக்காடு பெற வேண்டுமாயின், அம்மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை என்றும் ஒப்ப வேண்டும். 49 ரூபாயில் 35 விழுக்காடு ஏறத்தாழ 17 ரூபாய். நூறு பேர் வாங்கினும் 1,700 ரூபாயே. இதில் மெய்ப்புத் திருத்துவோர்க்கு எது? அட்டை வரைவோர்க்கு எது? ஆகவே அவ்விருவரும் விலக்கப்படுகின்றனர். ஒற்றுப்பிழை மலிந்த நூல் உலா வருகின்றது. மின்னூல் என்றாலே இப்படித்தான் என்று வாசகரும் முகம் சுளிக்கின்றார்.

நாம் வாழும் கேரளத்தைப் பாருங்கள். 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் 120 ரூபாய் முதலோடு சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். எம். பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை முதலியோர் முன்னின்றனர். அச்சங்கம் எழுத்தாளர்க்கு 30 விழுக்காடு உரிமைத்தொகை வழங்கியது. எழுத்துக்கும் கூலி உண்டென்பதை அவர்கள் கெஞ்சிப் பெறவில்லை. கூடி நின்று நிலைநாட்டினர்.

வறியோர் படிக்க வேண்டாவோ என்று சிலர் வினவுவர். வேண்டும். அதற்கு நூலகங்கள் உள. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றி வழங்குகின்றது, போற்றுவோம். பாரதியாரும் 1920இல் தம் நூல்களை 40 பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் படிகள் அச்சிடத் திட்டமிட்டுப் பொருளுதவி கோரினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல் அவை எங்கும் விலைபோகும் என நம்பினார். அவர் வேண்டியது மலிவு, இலவசம் அன்று. திட்டம் நிறைவேறாமலே 1921இல் மறைந்தார்.

ஆகவே, எழுதும் அன்பர்களே! எழுதியதை ஒரு திங்கள் கிடப்பில் இட்டு மீண்டும் படித்துத் திருத்துங்கள். மெய்ப்புத் திருத்துவோர்க்குக் கூலி கொடுங்கள். அச்செலவையும் உம் உழைப்பையும் எண்ணி விலை குறியுங்கள். முதல் அத்தியாயத்தை வேண்டுமாயின் இலவசமாகக் காட்டுங்கள். முழு நூலை அன்று. பஞ்சப்படி ஒரு மாதம் தாமதமானால் குரல் எழுப்பும் அலுவலர் உலகம், எழுத்தாளர் கூலி கேட்பதைப் பேராசை என்றல் முறையன்று.

கவிஞர் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை பிறந்த ஊர் இடப்பள்ளி. 1948இல் தம் 36ஆம் வயதில் மறைந்த அவர் பெயரால் இங்கே பூங்கா விளங்குகின்றது. மறைந்தவர்க்கு அது தகும். வாழும் எழுத்தாளர்க்குப் பூங்கா வேண்டா; அவர் நூலை விலை கொடுத்து வாங்குங்கள்.